வீட்டுச் சொத்து வரி எப்படிக் கணக்காகிறது, அது நியாயமா? சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரலும் அக்டோபரும் வந்தால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சொத்து வரிப் பேச்சு கிளம்பிவிடும். "எனக்கு ஏன் இவ்வளவு? எதிர்வீட்டுக்கு ஏன் அதில் பாதி?" என்று ஆரம்பிக்கும். பல வருடமாக ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன். அதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. கணக்கெல்லாம் சென்னை மாநகராட்சியை வைத்துச் சொல்வது. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

சொத்து வரியை யார் விதிக்கிறார்கள்? அந்தப் பணம் எங்கே போகிறது?

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவை விதிக்கின்றன. கிராம ஊராட்சியில் இதையே வீட்டு வரி என்கிறோம். அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. வருமான வரியும் ஜிஎஸ்டியும் டெல்லிக்கோ கோட்டைக்கோ போய்ச் சுற்றி வரும். இது நம் ஊர் மன்றத்தின் கையிலேயே நிற்கும் பணம். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

ரசீதை உற்றுப் பார்த்தால் நூலக வரி என்று ஒன்று சேர்ந்திருக்கும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அன்று போட்ட ஏற்பாட்டின்படிதான் இன்றும் வீட்டு வரியோடு நூலகத்துக்கு ஒரு பங்கு போகிறது. இதைச் சொன்னால் பலர் முதல்முறையாகக் கேட்கிறார்கள். எனக்கு இந்த ரசீதில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

என் வீட்டுக்கான தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வீட்டின் விலையை வைத்து இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று மாநகராட்சி தானே ஒரு தொகையை வைத்துக்கொள்கிறது. அது உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகையும் இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு விகிதம் உண்டு. அதற்கு அடிப்படைத் தெருக் கட்டணம் என்று பெயர். 2022இல் வரியை உயர்த்திய சீராய்வுக்கு முன்பு சென்னையில் குடியிருப்புகளுக்கு இது 60 காசிலிருந்து 2 ரூபாய் 40 காசு வரை இருந்தது. கடை, அலுவலகங்களுக்குப் பல மடங்கு கூடுதல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீடு 1,000 சதுர அடி, தெருக் கட்டணம் 1 ரூபாய் 50 காசு என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை மதிப்பு 1,500 ரூபாய். இதை 12ஆல் பெருக்குவதற்குப் பதில் 10.92ஆல் பெருக்குவார்கள். வருவது 16,380 ரூபாய். இதுதான் ஆண்டு மதிப்பு. சொந்தமாகக் குடியிருப்பதற்கும் கட்டடத்தின் வயதுக்கும் உள்ள கழிவுகளை இங்கே ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு மதிப்பில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் அரையாண்டு வரி. அந்தச் சதவீதம் ஆண்டு மதிப்பைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும். சாதாரணக் குடியிருப்புக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அது என்ன 10.92?

இதைக் கண்டுபிடிக்க எனக்கே கொஞ்ச நாள் பிடித்தது. சட்டப்படி, வாடகையில் கட்டடத்துக்கு உரிய பங்கிலிருந்து 10 சதவீதத்தைப் பழுதுபார்ப்புச் செலவுக்காகக் கழிக்க வேண்டும். மனைக்குப் பழுதுபார்ப்பு கிடையாது, அதனால் மனையின் பங்கில் கழிவும் கிடையாது. 12 மாத வாடகையில் 10 சதவீதம், அதாவது 1.2 மாதம், மனைக்கு என்று ஒதுக்கினால் கட்டடத்துக்கு மிஞ்சுவது 10.8 மாதம். அதில் 10 சதவீதம் 1.08. பன்னிரண்டில் அதைக் கழித்தால் 10.92. பல்லாண்டு காலம் அந்த எண்தான் பெருக்கலில் இருந்துவந்தது.

80 லட்சத்துக்கு வீடு வாங்கினேன். வழிகாட்டி மதிப்பும் ஏறிவிட்டது. சொத்து வரியும் ஏறுமா?

அதனால் மட்டும் ஏறாது. வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையுடையது, முத்திரைத் தீர்வைக்காக. சொத்து வரிக்குத் தெருக் கட்டணமும் கட்டடப் பரப்பும் பயன்பாடும்தான் கணக்கு. அதே வீட்டை நீங்கள் 80 லட்சத்துக்கு வாங்கினாலும், அப்பா 1985இல் சில ஆயிரத்துக்கு வாங்கி உங்களுக்கு விட்டுச்சென்றாலும் வரி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

"இருக்க வேண்டும்" என்று நிறுத்தியதற்குக் காரணம் அடுத்த கேள்வி.

என் வீடும் பக்கத்து வீடும் ஒரே அளவு. அவருக்கு என்னைவிடப் பாதிதான். எப்படி?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்கிறவர் பொறாமையில் கேட்கவில்லை. வரியை ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் இந்த வலி.

சில காரணங்கள் சரியானவை. அவர் வீடு பழையதாக இருந்து வயதுக்கான கழிவு கிடைத்திருக்கலாம். அவர் சொந்தமாகக் குடியிருந்து, நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கலாம். மூலை வீடாக இருந்தால் உங்கள் வாசல் ஒரு தெருவிலும் அவர் வாசல் இன்னொரு தெருவிலும் இருக்கும். தெரு மாறினால் கட்டணமும் மாறும்.

மற்றதெல்லாம் பதிவேட்டின் கோளாறு. 1990களில் தரைத்தளம் மட்டும் இருந்தபோது மதிப்பிட்ட வீட்டின் மேல் பிறகு இரண்டு மாடி எழும்பியிருக்கும். பதிவேட்டில் இன்னும் தரைத்தளம்தான் இருக்கும். கீழே கடை வந்திருக்கும், பதிவேட்டில் குடியிருப்பு. புதிதாக அடுக்குமாடியில் வீடு வாங்கியவருக்கோ இதில் தப்பவே வழியில்லை. பத்திரத்திலும் வரைபடத்திலும் பொதுப் பகுதியோடு சேர்த்து அச்சிட்ட சதுர அடி அப்படியே மதிப்பீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஒரே தெருவில் பழைய தனி வீட்டுக்காரர் குறைவாகவும் புது அடுக்குமாடிக்காரர் முழுதாகவும் கட்டுவதைப் பார்க்கலாம். ட்ரோன் படம் எடுத்து, கட்டடங்களை வரைபடத்தில் ஏற்றி, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைச் சென்னை மாநகராட்சி தொடங்கியதற்குக் காரணமும் இதுதான்.

சென்னைக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சென்னையோடு சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. அம்பத்தூரும் ஆலந்தூரும் அதுவரை நகராட்சி, போரூரும் பெருங்குடியும் பேரூராட்சி, நொளம்பூர் கிராம ஊராட்சி. ஒவ்வொன்றும் தன் போக்கில் வரி போட்டுக்கொண்டிருந்தது. ஊர் பெயர் சென்னை ஆனதும் பழைய கணக்குகள் ஒரே நாளில் ஒன்றாகிவிடவில்லை.

2022இல் ஏன் அவ்வளவு உயர்த்தினார்கள்?

ஏனென்றால் அதற்கு முன்பு சென்னையில் பொதுச் சீராய்வு நடந்தது 1998இல். மற்ற நகரங்களில் 2008. இடையில் 2018இல் ஒரு முறை உயர்த்தினார்கள். அது உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொண்டார்கள். ஆக, 24 வருடம் ஒரே கட்டணம்.

இதற்கிடையில், மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக் குழு, நகர உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், அதன் பிறகு மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வருவாயும் வளர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2022 மார்ச் இறுதியில் அரசாணை வந்தது. பழைய சென்னையில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதம், அதற்கு மேல் 150 சதவீதம் உயர்வு. 2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு இதே படிகளில் 25, 50, 75, 100.

அந்த உயர்வு நியாயமா?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லியாக வேண்டும். எதற்கு ஆத்திரப்படலாம், எதற்குக் கூடாது என்பது இங்கேதான் இருக்கிறது.

தொகையைப் பார்த்தால் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். 600 சதுர அடி வீட்டுக்கு 810 ரூபாயாக இருந்தது 1,215 ஆகிறது என்று அரசு அப்போது உதாரணம் காட்டியது. 1998இலிருந்து வருடா வருடம் 6 சதவீதம் ஏற்றி வந்திருந்தால் 24 வருடத்தில் நாலு மடங்கு ஆகியிருக்கும். பழைய சென்னையில் வந்தது ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரைதான். இத்தனை வருடம் குறைவாகக் கட்டியதன் விலையை நாம் வேறு வழியில் கொடுத்திருக்கிறோம்: தூர் வாராத வடிகால், முழங்கால் தண்ணீர், வராத குப்பை வண்டி.

எனக்கு ஆறாதது அந்த முறை. தெருத்தெருவாகப் போய் மறுபடி மதிப்பிடவில்லை. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த வரியின் மேல் சதவீதம் போட்டார்கள். பழைய வரி சரியாக இருந்திருந்தால் பரவாயில்லை. அது 1998இன் தெருக் கட்டணம். அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை ஐ.டி. சாலை ஆனது, மெட்ரோ ரயில் வந்தது, ஒரு காலத்தில் மதிப்பாக இருந்த சில தெருக்கள் மங்கின, ஆள் நடமாட்டமில்லாத தெருக்கள் எழுந்தன. கட்டணப் பட்டியலுக்கு இது எதுவும் தெரியாது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1,000 சதுர அடி, இன்று இரண்டுக்கும் ஒரே வாடகை கிடைக்கும். பழைய கோளாறால் ஒருவர் அரையாண்டுக்கு 1,000 ரூபாயும் மற்றவர் 2,000 ரூபாயும் கட்டி வந்தார்கள். 75 சதவீதம் ஏறியதும் முதலாமவருக்கு 1,750, இரண்டாமவருக்கு 3,500. முன்பு 1,000 ரூபாயாக இருந்த வித்தியாசம் இப்போது 1,750. அடுத்து 6 சதவீதம் ஏறினால் 1,855. தவறு திருந்தவில்லை, வட்டி போட்டு வளர்கிறது.

படிகளாக வைத்ததிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற எண்ணம் நல்லதுதான், அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் உயர்வு முழுத் தொகைக்கும் சேர்த்து வருவதால் படியின் ஓரத்தில் நிற்பவர் கீழே விழுகிறார். 1,200 சதுர அடி வீட்டுக்கு முன்பு 2,400 என்றால் இப்போது 4,200. பத்து சதுர அடி கூடிய வீட்டுக்கு முன்பு 2,420, இப்போது 4,840. இருபது ரூபாயாக இருந்த வித்தியாசம் 640 ரூபாய். அந்தப் பத்து சதுர அடி ஒரு பால்கனியின் ஓரமாக இருக்கும். வருமான வரியில் இருப்பதுபோல் படிக்கு மேலே உள்ள பகுதிக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இனி வருடா வருடம் 6 சதவீதம் ஏறுமாமே?

2022இலேயே இதற்கான வழியை வைத்துவிட்டார்கள். சென்னை மன்றம் 2024 செப்டம்பரில் தீர்மானம் போட்டு, அந்த ஆண்டின் இரண்டாம் அரையாண்டிலிருந்து 6 சதவீத உயர்வு வந்தது. 6 சதவீதம் தொடர்ந்தால் பன்னிரண்டு வருடத்தில் வரி இரட்டிக்கும்.

சிறிதாக, தெரிந்த அளவில், வருடந்தோறும் ஏறுவது 24 வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக ஏற்றுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அடிப்படைக் கணக்கைச் சரிசெய்துவிட்டு அதைச் செய்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்த வாடகைக் கணக்கெல்லாம் எதற்கு? சதுர அடிக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே வரி போட்டுவிட்டால் என்ன?

கேரளத்தில் செய்து பார்த்தார்கள். 1961ஆம் ஆண்டின் கட்டட வரிச் சட்டம் தரைப் பரப்பை மட்டுமே பார்த்து வரி போட்டது. ஊர், பயன்பாடு, கட்டுமானத் தரம், கிடைக்கும் வருமானம் எதையும் பார்க்கவில்லை. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சமமில்லாதவற்றைச் சமமாக நடத்துவதும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவுக்கு விரோதம்தான் என்பது தீர்ப்பின் சாரம். நகர நடுவில் இருக்கும் கடை மாளிகைக்கும் கிராமத்து ஓட்டு வீட்டுக்கும் ஒரே விகிதம் என்றால் அது சமத்துவம் ஆகாது.

பாட்னா வேறு வழியில் போனது. பரப்பை எடுத்துக்கொண்டு, முதன்மைச் சாலையா உட்புறத் தெருவா, வீடா கடையா, கட்டுமானம் எப்படி என்று சில வகைகள் பிரித்து ஒவ்வொன்றுக்கும் விகிதம் வைத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. டெல்லி 2004இலும் பெங்களூரு 2008இலும் இதே வழிக்கு வந்தன. டெல்லியில் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரரே கணக்குப் போட்டுக் கட்டலாம். மும்பை 2010இலிருந்து சொத்தின் மூலதன மதிப்பை, அதாவது சந்தை விலையை ஒட்டிய மதிப்பை, வைத்து வரி போடுகிறது.

வாடகையை நம்பினால் வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் கட்டடத்துக்கு, அந்தச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகைக்கு மேல் மதிப்பு வைக்கக் கூடாது என்று 1979 இறுதியில் உச்ச நீதிமன்றம் ஒரு டெல்லி வழக்கில் தீர்ப்பளித்தது. பழைய வாடகை உறைந்து கிடந்த நகரங்களில் வரியும் அதோடு உறைந்தது. வாடகையை விட்டுப் பரப்பின் பக்கம் நகரங்கள் நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தை விலையை வைத்து வரி போடும் நாடுகளில் பிரச்சினை இல்லையா?

அங்கேயும் இருக்கிறது. வேறு வடிவத்தில்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஒரு வரம்பு வைத்தார்கள். வரி விகிதம் 1 சதவீதம், மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறும்போது மட்டும் புது விலையில் மதிப்பிடலாம். முதியவர்கள் வீட்டை இழக்காமல் இருக்க அது உதவியது. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் 1988இல் வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்பவர், பல வருடமாக அங்கேயே இருக்கும் அக்கம்பக்கத்தாரைவிடச் சுமார் ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வழக்கு 1992இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் தோற்றார். சட்டப்படி செல்லும் என்பதும் நியாயம் என்பதும் வேறுவேறு என்று எனக்குத் தோன்ற வைத்த வழக்கு அது.

சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் வேறு கோளாறு. மலிவான வீடுகளை அவற்றின் உண்மை விலையைவிடக் கூட்டியும், விலை உயர்ந்த வீடுகளைக் குறைத்தும் மதிப்பிட்டிருப்பதை 2017இல் அந்த ஊர் நாளிதழ் எண்களோடு வெளியிட்டது. மேல்முறையீடு செய்ய வக்கீல் வைக்க முடிந்தவர்களுக்கு மேலும் குறைந்தது. மறுவருடம் மதிப்பீட்டு அதிகாரி கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே பதவி இழந்தார். அங்கே அது மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி.

இங்கிலாந்தோ இன்னும் 1991 ஏப்ரல் 1ஆம் தேதியின் விலையை வைத்தே வீடுகளை எட்டு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. அன்று 3,20,000 பவுண்டுக்கு மேல் இருந்த எல்லா வீடும் உச்ச அடுக்கு. அதற்கு மேல் எத்தனை கோடிக்கு மாளிகை இருந்தாலும் அதே வரி. மறுமதிப்பீட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதில்லை.

நான் ஓய்வூதியர். வீடு மயிலாப்பூரில். கையில் வருமானம் இல்லை. வீட்டு மதிப்பு ஏறியது என் குற்றமா?

இல்லை ஐயா. சொத்து வரியின் உள்ளேயே இருக்கும் முரண்பாடு இது. வரி மதிப்பீட்டில் நுழைவது வீடு, கட்டுவது மனிதர். வீட்டை விற்றால்தான் அந்த மதிப்பு கைக்கு வரும். ஐம்பது வருடம் வாழ்ந்த வீட்டை வரிக்காக விற்கச் சொல்வது எந்த ஊரிலும் நியாயமில்லை. தனியாக வாழும் முதியவர்கள் கட்ட வேண்டிய உயர்வை, வட்டியில்லாமல் தள்ளிவைத்து வீடு கைமாறும்போது வசூலிக்கும் ஏற்பாடு இங்கேயும் வர வேண்டும் என்று நான் வார்டு கூட்டங்களில் கேட்டு வருகிறேன். விற்பவருக்கு அன்று பணம் கையில் இருக்கும், மாநகராட்சிக்கும் நட்டமில்லை.

நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கென்ன?

வரி உயர்ந்த அடுத்த ஒப்பந்தத்திலேயே அது உங்கள் வாடகையில் வந்து நிற்கும். சட்டப்படி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். உயர்வைக் காரணம் காட்டி வாடகை கேட்டால், பழைய ரசீதையும் புதிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். அரையாண்டுக்கு 600 ரூபாய் ஏறியதற்கு மாதம் 1,000 ரூபாய் கூட்டும் கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

குடிநீர் வரியும் சேர்ந்து ஏறுமா?

சென்னைக் குடிநீர் வாரியம் தனி அமைப்பு. ஆனால் அதன் குடிநீர், கழிவுநீர் வரி மாநகராட்சி போட்ட அதே ஆண்டு மதிப்பின் ஒரு பங்கு. அதனால் மதிப்பீட்டில் தவறு இருந்தால் இரண்டு இடத்தில் இழக்கிறீர்கள். திருத்தினால் இரண்டு இடத்திலும் குறையும்.

எப்போது கட்டினால் லாபம்?

அரையாண்டின் முதல் 30 நாளுக்குள். 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, உச்ச வரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி.

வரி ரசீது என் பெயரில் இருந்தால் வீடு என்னுடையதுதானே?

இல்லை. உரிமைக்குப் பத்திரம்தான். வரி ரசீது நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்கு மட்டும் சான்று. அனுமதியில்லாமல் கட்டிய மாடிக்கு வரி கட்டினாலும் அந்த மாடி முறைப்படியானதாக ஆகிவிடாது.

என் மதிப்பீடு தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

முதலில் கோபத்தை ஒதுக்கிவிட்டு டேப்பை எடுங்கள். வீட்டை அளந்து, பதிவேட்டில் இருக்கும் பரப்போடு ஒப்பிடுங்கள். எங்கள் குடும்ப வீடு சென்னைக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறது. அங்கே மாடியில் அப்பா போட்டிருந்த கீற்றுக் கொட்டகையையும் சேர்த்துக் கட்டடப் பரப்பாக எழுதியிருந்தார்கள். கொட்டகை புயலில் போய் ஏழு வருடம் ஆகியும் வரி தொடர்ந்தது. யாரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. அளந்து எழுதிக் கொடுத்தபின், நேரில் வந்து பார்த்துத் திருத்தினார்கள்.

பரப்பு சரியாக இருந்தால் அடுத்து மூன்றைப் பாருங்கள்: உங்கள் தெருவுக்குச் சரியான கட்டணம் போட்டிருக்கிறார்களா, குடியிருப்பு என்று இருக்கிறதா, சொந்தக் குடியிருப்புக்கும் கட்டட வயதுக்கும் கழிவு கொடுத்திருக்கிறார்களா. மாநகராட்சி இணையதளத்தில் வரிக் கணக்கீட்டுப் பக்கம் இருக்கிறது, அதில் போட்டுப் பார்க்கலாம். விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் வரி விதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு, மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். "ஏன் இவ்வளவு வரி" என்று கேட்டால் சுற்றி வளைத்த பதில் வரும். "என் வீட்டுக்கு எடுத்துக்கொண்ட பரப்பு எத்தனை, கட்டணம் எத்தனை, கழிவு எத்தனை" என்று கேட்டால் எண்கள் வந்தாக வேண்டும்.

பிறகு மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலருக்கு மனு. கூடவே பத்திர நகல், அனுமதி வரைபடம், கடைசி ரசீது, வீட்டின் வெளிப்புறப் படம். மனுவைக் கொடுத்ததும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் வரி விதிப்பு பற்றி மாநகராட்சியிடமிருந்து சிறப்பு அறிவிப்பு வந்திருந்தால் அதில் எழுதியிருக்கும் கெடுவைத் தாண்டக் கூடாது. அங்கே தீரவில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு. இதற்கிடையில் வரியைக் கட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள். ஆட்சேபத்தோடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். குறைந்தால் அடுத்த அரையாண்டில் கழியும். நிறுத்தினால் வட்டி ஓடும்.

பக்கத்து வீட்டுக்காரர் குறைவாகக் கட்டுகிறார் என்று நான் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எங்கள் சங்கத்தில் வேறு வழி பிடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தோம். பரப்பு, வரி என்று ஒரே தாளில் எழுதினோம். ஒரே அளவு வீடுகளில் யாருக்குக் கூட, யாருக்குக் குறைவு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கூடக் கட்டியவர்கள் அந்தத் தாளையே இணைத்து மனு கொடுத்தார்கள். குறைவாகக் கட்டி வந்த இருவர் யாரும் சொல்லாமலேயே தங்கள் பரப்பைத் திருத்திக் கொடுத்தார்கள்.

மாடி கட்டி நாலு வருடம் ஆயிற்று. இதுவரை சொல்லவில்லை. இப்போது சொன்னால் மாட்டிக்கொள்வேனா?

பின்தேதியிட்டு வரி கேட்பார்கள், அது நிச்சயம். அவர்களே ட்ரோன் படத்தில் கண்டுபிடித்தாலும் கேட்பார்கள். நீங்களே சுய மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் பரப்பையும் மாடி கட்டி முடித்த தேதியையும் நீங்கள் சொல்கிறீர்கள், மின் இணைப்பு ரசீது போன்ற ஆதாரத்தோடு. அவர்களாகக் கண்டுபிடித்தால் தேதியை அவர்கள் வைப்பார்கள், அது தவறு என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். நாலு வருட பாக்கி இன்று கட்டக்கூடிய தொகை. பத்து வருடம் ஆனபின் வீட்டை விற்கப் போகும்போதோ வங்கிக் கடனுக்குப் போகும்போதோ அது முன்னால் வந்து நிற்கும். இந்த வாரமே படிவத்தை நிரப்புங்கள்.